கல் சுமந்த பாதை

செங்குன்றத்தில் ஒரு டீக்கடை வாசலில் நின்றுகொண்டு, "இந்த ஊரில் ரயில் எந்தப் பக்கமாக ஓடியது?" என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரயிலா? இங்கே ரயிலே கிடையாதே, சார். அம்பத்தூருக்குப் போங்க, இல்லேன்னா பெரம்பூருக்குப் போங்க" என்றார். அவர் குரலில் கொஞ்சம் இரக்கம் இருந்தது. வழி தவறி வந்துவிட்ட வெளியூர்க்காரன் என்று நினைத்திருக்க வேண்டும். அது முழுக்கத் தப்பும் இல்லை.

நான் புதுக்கோட்டைச் சீமையில் வல்லத்திராக்கோட்டைக்காரன். சென்னைக்குப் போனது, புத்தகம் போட்டவரிடம் பாக்கிப் பணம் கேட்பதற்காக. "நாளைக்கு வாருங்கள்" என்றார். நாளை வருகிற வரைக்கும் ஒரு மனிதன் பட்டணத்தில் என்ன செய்வது? பழைய ரயில் ஒன்றைத் தேடிப் பஸ் ஏறினேன்.

கடைக்காரர் சொன்னதில் பிசகில்லை. இன்று செங்குன்றத்தில் ரயில் இல்லை. ஆனால் 1837-ம் வருஷத்தில் யாராவது அங்கே போய் அதே கேள்வியைக் கேட்டிருந்தால் கையை நீட்டி வழி காட்டியிருப்பார்கள். நம் தேசத்தில் தண்டவாளத்தின்மேல் பாரம் ஏற்றிப்போன முதல் ரயில் பாதை அந்தச் செங்குன்றத்திலிருந்துதான் புறப்பட்டது. சிந்தாதிரிப்பேட்டைப் பாலம் வரைக்கும் வந்தது. மதராஸ் பட்டணத்துச் சாலைகளுக்குக் கல் வேண்டியிருந்தது. அந்தக் கல்லைக் கொண்டுவருவதற்காக ஆர்தர் காட்டன் போட்ட பாதை அது. முக்கொம்பில் கொள்ளிடத்துக்கு மேலணை கட்டியவரும், பிற்பாடு கோதாவரியில் தவளேஸ்வரம் அணை கட்டியவரும் அதே காட்டன்தான். வண்டிகளை மிருகங்கள் இழுத்தன. வில்லியம் ஏவரி செய்த சுழல் நீராவி எந்திரம் ஒன்றும் ஓடியது. அதற்கு முந்தின வருஷம், 1836-ல், சிந்தாதிரிப்பேட்டைப் பாலத்தருகே ஒரு துண்டுத் தண்டவாளம் போட்டு ஒத்திகையும் பார்த்திருக்கிறார்கள்.

பிறகு பாதை போய்விட்டது. நெடுங்காலம் ஓடவில்லை. செங்குன்றத்தில் நான் அன்று சாயங்காலம் வரைக்கும் நடந்தேன். லாரிகள், அரிசி மண்டிகள், புழல் ஏரியின் கரை, ஏரியின்மேல் வரும் நல்ல காற்று, எல்லாம் இருந்தன. தண்டவாளம் இல்லை. அது கிடந்த அடையாளமாக என் கண்ணுக்கு ஒன்றும் படவில்லை.

ஒரு கதைக்காரனுக்கு இதில் என்ன அக்கறை என்று நீங்கள் கேட்கலாம். அக்கறை கல்லில் இருக்கிறது. செங்குன்றத்துக் கல்லும் எங்கள் ஊர்க் கல்லும் ஒரே சாதி. நாங்கள் செம்புராங்கல் என்கிறோம். மலையாளத்து அங்காடிப்புறத்தில் அதைப் பார்த்த புக்கானன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1807-ல் அதற்கு 'லாட்டரைட்' என்று பெயர் வைத்தார். லத்தீன் பாஷையில் செங்கல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்து எடுத்த பெயர். பெயர் பொருத்தமானதுதான். பூமிக்குள்ளே இருக்கிற வரைக்கும் அந்தக் கல் வெட்டுகிறவன் சொன்னபடி கேட்கும். வெளியே எடுத்துக் காற்றும் வெயிலும் பட்டுவிட்டால் இறுகிப்போகும். பிறகு யார் சொல்லையும் கேட்காது. எங்கள் ஊர்ப் பக்கத்துச் செம்பாறை வெளியில், பாரவண்டிகள் தலைமுறை தலைமுறையாகப் போன இடத்தில் இரண்டு பள்ளக் கோடுகள் உண்டு. மழை பெய்தால் அந்த இரண்டு கோட்டிலும் தண்ணீர் நிற்கும். சின்ன வயசில் நாங்கள் அதில் வேப்பங்கொட்டையை மிதக்கவிட்டு விளையாடியிருக்கிறோம். அது என்ன என்று அன்று யாரும் கேட்கவில்லை; யாரும் சொல்லவும் இல்லை.

தண்டவாளம் என்கிற யோசனையே அந்தக் கோட்டிலிருந்து பிறந்ததுதான் என்று நினைக்கிறேன். வண்டி ஓட்டினவர்களுக்கு இது தெரியும்: மணலில் ஒரு ஜோடி மாடு நாக்குத் தள்ளி இழுக்கிற பாரத்தைக் கெட்டித் தரையில் அதே ஜோடி அசைபோட்டுக்கொண்டே இழுத்துவிடும். மணலில் சக்கரம் புதைகிறது. புதைந்த சக்கரம், தரை மட்டமாகவே இருந்தாலும், ஒவ்வொரு அடியிலும் ஒரு சிறிய மேட்டில் ஏறிக்கொண்டே இருக்கிறது. சக்கரம் புதையாதபடி அதன் அடியில் மட்டும் ஒரு கெட்டிப் பொருளை நீளமாகப் போட்டுவிட்டால்? அவ்வளவுதான் தண்டவாளம். நீராவி எஞ்சின் பிற்பாடு வந்த விருந்தாளி.

இங்கிலாந்தில் அந்த யோசனை எஞ்சினுக்கு இருநூறு வருஷம் முந்தியே நடைமுறைக்கு வந்துவிட்டது. நாட்டிங்காமுக்கு அருகே ஸ்ட்ரெல்லியிலிருந்து வொல்லட்டனுக்கு, சுமார் இரண்டு மைல், மரத்தால் தண்டவாளம் போட்டு, குதிரை கட்டி, நிலக்கரி கொண்டுபோனார் ஹன்டிங்டன் போமான்ட் என்பவர். பாதை முடிந்தது 1604-ல். உலகத்துக்கே வழிகாட்டிய அந்த மனிதர் கடன்பட்டு, 1624-ல் நாட்டிங்காம் சிறையிலேயே செத்துப்போனார். பிறகு டைன் ஆற்றுப் பக்கமெல்லாம் இந்த மரப் பாதைகள் பரவின. 'வாகன்வே' என்று பெயர். சுரங்கம் மேட்டில், ஆறு பள்ளத்தில். இறங்கும்போது வண்டி தன் பாரத்தாலேயே ஓடும். ஓர் ஆள் மரக்கட்டையால் சக்கரத்தை அழுத்திப் பிடித்து வேகத்தை அடக்குவான். குதிரை பின்னால் சாவகாசமாக நடந்து வரும். திரும்பும்போதுதான் அதற்கு வேலை: காலி வண்டியை மேட்டுக்கு இழுக்க வேண்டும். தண்டவாளத்தை இரண்டு அடுக்காகப் போடும் வழக்கமும் இருந்தது. மேல் கட்டை தேய்ந்துபோனால் அதை மட்டும் கழற்றி எறிந்துவிட்டு வேறு கட்டை அடிப்பார்கள். மேல் கட்டையின் உத்தியோகமே தேய்வதுதான்.

கோஸி என்ற இடத்தில் அப்படி ஒரு பாதைக்காக ஒரு பெரிய கல் வளைவு கட்டினார்கள். 1725-ல் தொடங்கி அடுத்த வருஷம் முடித்தார்கள். ரால்ஃப் வுட் என்ற கொத்தனார் கட்டியது. அவர் முன்னால் மரத்தில் கட்டிய பாலம் ஒன்று விழுந்துவிட்டதாம். இதுவும் விழுந்துவிடும் என்ற பயத்தில் பாலத்தின் மேலிருந்தே குதித்து உயிரை விட்டார் என்று அந்தப் பக்கத்து ஜனங்கள் ஒரு கதை சொல்கிறார்கள். கதை மெய்யோ பொய்யோ, பாலம் மெய். முந்நூறு வருஷமாக விழாமல் நிற்கிறது. கரி வண்டிகள் நின்றுபோய் எத்தனையோ காலம் ஆயிற்று. இன்று சுற்றிப் பார்க்க வந்தவர்கள் அதன்மேல் நடக்கிறார்கள்.

இந்தப் பழைய பாதைகளைத் தேடுவதற்கென்றே அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள். தொழில் தொல்லியல் என்று அந்தப் படிப்புக்குப் பெயர். மைக்கேல் ரிக்ஸ் என்பவர் 1955-ல் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பிறகு அந்தப் பெயர் பரவியது. ராஜாவின் கல்லறையையும் கோயில் சிலையையும் தோண்டுகிற அதே சிரத்தையோடு அவர்கள் ஆலைச் சுவரையும் சுரங்க வாயையும் வண்டிப் பாதையையும் ஆராய்கிறார்கள். ஒரு வேலி காரணமில்லாமல் வளைந்து போகிறதே, ஏன்? வயலின் நடுவில் மேடு ஒன்று மட்டான சரிவில் இறங்குகிறதே, எதற்கு? தன் நிலத்தின் வழியாக வண்டி விடுவதற்கு மிராசுதார் எவ்வளவு குத்தகை வாங்கினார்? பழைய படமும் பத்திரமும் நடந்து தேய்ந்த காலுமாக விடை தேடுகிறார்கள். 2013-ல் நியூகாசிலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கப்பல் கட்டும் தளத்தைத் தோண்டியபோது, பதினெட்டாம் நூற்றாண்டு மரத் தண்டவாளம் சேற்றுக்குள் அப்படியே கிடந்தது. வில்லிங்டன் வாகன்வே. தண்டவாளங்களுக்கு நடுவே இருந்த அகலம் ஏறக்குறைய நாலு அடி எட்டரை அங்குலம். இன்று உலகத்தில் பாதிக்கு மேற்பட்ட ரயில்கள் ஓடுகிற அகலம் அதுதான்.

நம் பக்கத்துக்கு வருவோம். இந்தியாவின் முதல் ரயில் எது என்று பள்ளிக்கூடத்துப் பையனைக் கேளுங்கள். 1853-ம் வருஷம் ஏப்ரல் 16-ம் தேதி பம்பாயிலிருந்து தாணாவுக்கு என்று மனப்பாடமாகச் சொல்வான். பதினாலு பெட்டி, சுமார் நானூறு விருந்தாளிகள், இருபத்தொரு குண்டு மரியாதை. பிரயாணிகள் ரயில் என்று சேர்த்துச் சொன்னால் அது சரியான விடைதான். குறை சொல்ல முடியாது. ஆனால் பையன் அந்த ஒரு வார்த்தையை விட்டுவிடுகிறான். நாமும் அவனுக்கு முழு மார்க்குப் போட்டுவிடுகிறோம். விருந்தாளி ஏறினால் அது சரித்திரம் ஆகிறது. கல் ஏறினால் அது வெறும் கணக்கு வழக்கு. பதினாறு வருஷம் முந்தி ஓடிய வண்டி, ஏறினது கல்தானே என்பதால் ஞாபகத்திலிருந்து இறங்கிப்போயிற்று.

இவ்வளவு கோபத்தோடும் ஊருக்குத் திரும்பி வந்தேன். பணம் மறுநாளும் கிடைக்காததில் கோபம் கொஞ்சம் கூடியிருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

என் தாய்மாமன் ஒருவர் இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. வாலிபத்தில் செம்புராங்கல் வெட்டினவர். பிறகு பாரவண்டி வைத்துக் கல் அடித்தவர். திண்ணையில் உட்கார்ந்து அவரிடம் செங்குன்றத்துக் கதை முழுவதையும் சொன்னேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்.

"ஆக, அந்தத் தண்டவாளம் இப்ப இல்லேங்கிறே."

"இல்லை, மாமா. சுவடே இல்லை."

"ரோடு?"

"எந்த ரோடு?"

"கல்லுக் கொண்டாந்தாங்கன்னியே, ரோடு போட. அந்த ரோடு இருக்கா?"

"அது இருக்கிறது. மதராஸ் ரோடெல்லாம் இருக்கத்தானே செய்கிறது?"

"அப்பறம் என்ன மாப்ளே? ரோடு போடத்தானே போனாங்க? ரோடு கெடக்கு. வேலை முடிஞ்சுபோச்சு. ஏணியை எடுத்துட்டாங்கன்னு எவனாச்சும் மாடியில நின்னு அழுவானா?"

எனக்கு வாயடைத்துவிட்டது. நாற்பது வருஷம் கல்லோடு பழகினவருடைய பேச்சு அது. ஒரு வாரம் அந்தப் பேச்சை மனசுக்குள் வைத்து உருட்டிக்கொண்டிருந்தேன். எத்தனை பெரிய விஷயம்! வேலையின் பலன் நிற்கிறது, வேலை கரைந்துவிடுகிறது. உப்பு கறியில் கரைவதைப்போல. தன் பெயர் நிற்க வேண்டும், தன் புத்தகம் நூறு வருஷம் இருக்க வேண்டும் என்று ராத்திரியெல்லாம் தவிக்கிற எழுத்தாளனுக்கு இதைவிட நல்ல மருந்து உண்டா? புதுக்கோட்டையில் பழைய பேப்பர்க் கடையில் என் முதல் நாவலை எடைக்கு வைத்திருந்ததைக் கண்ட நாளிலிருந்து எனக்கு அந்த மருந்து தேவைப்பட்டுத்தான் இருந்தது. தேயட்டும், கரையட்டும், ரோடு கிடந்தால் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனசு லேசாயிற்று. ஒரு கட்டுரைக்கு விஷயம் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷமும் சேர்ந்துகொண்டது.

அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்தது மாமாவேதான்.

இன்னொரு நாள் போயிருந்தபோது, பொழுது போகாமல், நியூகாசிலில் கிடைத்த மரப் பாதையின் படங்களைப் போனில் காட்டினேன். சிரத்தையில்லாமல்தான் பார்த்தார். பாதையிலிருந்து ஒரு கிளை பிரிந்து ஒரு பள்ளத்துக்குள் இறங்கி ஏறுவதைக் காட்டி, "இது குளம் மாதிரி, மாமா. வண்டிச் சக்கரம் மரத்தில் செய்தது. காய்ந்து வெடித்துவிடாமல் இருக்க வண்டியை இதற்குள் இறக்கி நனைத்து எடுப்பார்களாம்" என்றேன்.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். வெற்றிலையை ஓரமாகத் துப்பிவிட்டு வந்தார்.

"அங்கேயுமா?"

"என்ன அங்கேயுமா?"

"கோடையில நாங்க வண்டியக் கொண்டுபோயிக் கொளத்துக்குள்ள நிறுத்துவமே! இல்லாட்டி வட்டை சுருங்கிப் பட்டா கழண்டுக்கும். ராத்திரியெல்லாம் தண்ணியில கெடக்கும் வண்டி. வெள்ளைக்காரன் ஊருலயுமா வட்டை சுருங்குது? அங்க மழை பேஞ்சுக்கிட்டேல்ல இருக்கும்னே?" என்று கேட்டார். பிறகு, "அது என்ன மரம்?", "ஒரு வண்டிக்கு எவ்வளவு பாரம்?", "எறக்கத்துல கட்டை நழுவினா அந்த ஆளு கதி என்ன?" என்று கேள்விமேல் கேள்வி. எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். கடைசிக் கேள்விக்கு அவரே பதில் சொல்லிக்கொண்டார். "செத்திருப்பான்" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. தன்னோடு வண்டி அடித்தவர்களில் யாரையோ நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

ரோடு கிடக்கிறது, அப்புறம் என்ன என்று சொன்ன அதே மனிதர்தான். கடலுக்கு அப்பால், இருநூறு வருஷம் முந்தி, பெயர் தெரியாத வண்டிக்காரன் ஒருவன் சக்கரத்தை நனைத்தான் என்று கேட்டதும் அவன் அவருக்கு உறவாகிவிட்டான். அந்தப் பள்ளத்தை யாரோ மண்டியிட்டுச் சேற்றை வழித்து வெளியே எடுத்திருக்காவிட்டால் இந்த உறவு தெரிந்திருக்காது. ரோடு மட்டும் போதாது என்பதை மாமா எனக்கு வார்த்தையால் சொல்லவில்லை. அவர் நிமிர்ந்து உட்கார்ந்ததில் நான் தெரிந்துகொண்டேன்.

அன்று வீட்டுக்குத் திரும்புகிற வழியில்தான் என் அக்காளின் ஞாபகம் வந்தது. இதை எழுதுவதில் எனக்குக் கூச்சம் உண்டு. ஆனாலும் எழுதாவிட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை.

அப்பா தவறிப்போன வருஷம் அக்காள் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டாவது. வீட்டில் ஒருவர் வேலைக்குப் போனால்தான் உலை கொதிக்கும் என்ற நிலைமை. அப்போது புதுக்கோட்டை ரோட்டை அகலப்படுத்துகிற வேலை நடந்தது. அக்காள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தலையில் சும்மாடு வைத்து, இரும்புச் சட்டியில் ஜல்லியும் கிராவலும் சுமந்தாள். அந்த வேலை முடிந்ததும் வேறு ரோடு, பிறகு வேறு ரோடு. நான் அந்த ரோட்டில் பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போய்ப் பன்னிரண்டாவது வரைக்கும் படித்தேன். அதற்கு மேலும் படிக்கவைக்க அவள் தயாராகத்தான் இருந்தாள். எனக்குத்தான் கதைப் பைத்தியம் பிடித்துவிட்டது. உச்சந்தலையில் முடி தேய்ந்த இடத்தைத் தடவிக்கொண்டு அவள் சொல்வாள்: "எனக்கு என்னடா தம்பி, நீ படிச்சாப் போதும்."

நானும் போதும் என்று நினைத்துவிட்டேன்! அவள் சொன்ன வார்த்தையை அப்படியே வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பதினோரு புத்தகம் எழுதியிருக்கிறேன். சமர்ப்பணப் பக்கங்களில் காலஞ்சென்ற இலக்கிய ஆசான்கள் இருக்கிறார்கள். எனக்கு ஒரு தரம் நல்ல மதிப்புரை எழுதிய விமர்சகர்கூட இருக்கிறார். ஜல்லி சுமந்தவள் இல்லை. ஏன் இல்லை என்று யாராவது கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? "அவள் அதையெல்லாம் எதிர்பார்க்கிறவள் இல்லை" என்று பெருமையாகச் சொல்லியிருப்பேன்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. 'ரோடு கிடந்தால் போதும்' என்பது உண்மையிலேயே பெரிய வார்த்தை. அதைச் சொல்லும் உரிமை ரோடு போட்டவனுக்கு உண்டு. ரோட்டில் நடக்கிறவனுக்கு இல்லை. மாமா சொன்னால் அது ஞானம். அக்காள் சொன்னால் அது பெருந்தன்மை. அதே வார்த்தையை நான் சொன்னால் அது திருட்டு. கொடுத்தவன் கணக்கைக் கிழித்துப் போடலாம். வாங்கினவன் கிழித்தால் அதற்கு வேறு பெயர். உலகத்தில் பல ஏமாற்றுகள் இப்படித்தான் நடக்கின்றன. பிறர் வாயிலிருந்து வரவேண்டிய நல்ல வார்த்தையை நாம் முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறோம். பலனை நினைக்காமல் வேலை செய் என்ற உபதேசம் எத்தனை உயர்ந்தது! அதைக் கூலி கொடுக்க வேண்டியவனே எடுத்துச் சொல்ல ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு. எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியுமா? நாம் உண்ணும் ஒரு பிடி சோற்றுக்குப் பின்னால் எத்தனை கை! நடக்கிற ஒவ்வொரு தெருவிலும் நின்று கண்ணீர் விட்டால் வீடு போய்ச் சேர்வது எப்போது? நியாயமான கேள்விதான். மறதி இல்லாமல் மனிதன் வாழ முடியாது. மேல் கட்டை தேயத்தான் வேண்டும். தேய்ந்த கட்டைகளையெல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டிருந்தால் பாதையில் வண்டி போக இடம் இருக்காது. செங்குன்றத்துத் தண்டவாளம் போய்விட்டதே என்று நான் முதலில் வருத்தப்பட்டது அசட்டுத்தனம் என்பதில் மாமாவோடு எனக்கு இப்போதும் சம்மதம். அது செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுப் போயிற்று.

ஆனால் பொருள் மறைவது வேறு. செய்தவனை மறப்பது வேறு. முதலாவது இயற்கை. இரண்டாவது, பெரும்பாலும், நம் சௌகரியம். எல்லோரையும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாது என்பது, ஒருவரையும் ஞாபகம் வைக்காததற்குச் சமாதானம் ஆகாது. நாம் யாரை மறக்கிறோம், யாரை மறப்பதில்லை என்று பார்த்தால் தெரிந்துபோகும். காட்டனை மறக்கவில்லை, கோதாவரிக் கரையில் அவருக்குச் சிலைகள் உண்டு. அது அவருக்குத் தகும். ஏவரியின் பெயரும் நிற்கிறது. கடனாளியாகச் செத்த போமான்ட்டின் பெயரும், பயந்து குதித்ததாகச் சொல்லப்படும் கொத்தனாரின் பெயரும்கூட நிற்கின்றன. செங்குன்றத்தில் குழிக்குள் இறங்கிக் கல்லை வெட்டினவன், வண்டியில் ஏற்றினவன், மாட்டை ஓட்டினவன், சிந்தாதிரிப்பேட்டையில் இறக்கினவன், இவர்களில் ஒருவனுடைய பெயரையும் எந்தப் பாடப்புத்தகமும் சொல்லவில்லை. முதல் ரயில் பம்பாயில் இல்லை, எங்கள் மதராஸில்தான் என்று மார்தட்டுவதனால் இவர்களுக்கு ஒரு லாபமும் இல்லை. அந்தப் பெருமையும் ஒருவிதமான மறதிதான்.

பின் என்ன செய்வது? பெரிதாக ஒன்றும் இல்லை. தெரிந்துகொள்வது, தெரிந்ததைச் சொல்வது. பெயர் கிடைத்தால் பெயரைச் சொல்வது. பெயர் கிடைக்காதபோது செய்த வேலையையாவது சரியாகச் சொல்வது. நியூகாசில் சேற்றில் மண்டியிட்டவர்கள் செய்தது அவ்வளவுதான். அங்கே கிடந்த மரங்களில் சில, முன்னால் கப்பலில் இருந்த மரங்கள் என்று கண்டுபிடித்தார்கள். உடைத்த கப்பலின் மரத்தை வீணாக்காமல் எவனோ ஒரு தச்சன் தண்டவாளத்துக்கு வைத்திருக்கிறான். தச்சன் பெயர் தெரியவில்லை. அவன் சிக்கனக்காரன் என்பது தெரிந்துவிட்டது. இதுவே எத்தனை பெரிய அறிமுகம்!

எங்கள் வட்டாரத்திலும் பொற்பனைக்கோட்டையில் 2021-லும் 2023-லும் தோண்டினார்கள். சங்க காலத்துக் கோட்டை. ராஜாவின் புதையல் வரும் என்று எதிர்பார்த்துத் தோண்டிய இடத்தைச் சுற்றி நின்ற கூட்டத்தில் நானும் ஒருவன். மணி வந்தது, பானை ஓடு வந்தது, எலும்பில் செய்த முனை வந்தது. அந்தப் பக்கத்துச் செம்பாறையில் இரும்பு உருக்கிய அடையாளங்களும் இருக்கின்றன. "இவ்வளவுதானா?" என்றார் என் பக்கத்தில் நின்றவர். அன்று நானும் அதையே நினைத்தேன். இன்று கேட்டால் வேறு மாதிரிச் சொல்வேன். கோட்டை ராஜாவுடையதாக இருக்கலாம். உலையடியில் வியர்த்தவன் நம்மவன்.

செம்புராங்கல்லைப் பற்றி ஒன்று சொன்னேன்: மண்ணுக்குள் இருக்கும்வரை இளகியிருக்கும், வெளியே வந்தால் இறுகும் என்று. மனிதர்களுடைய வேலையைப் பற்றிய ஞாபகமும் அப்படித்தான். தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கிறபோதே வெட்டி எடுத்து வெளிச்சத்தில் வைத்துவிட்டால் இறுகி நிற்கும். இல்லாவிட்டால் மண்ணோடு மண்தான். மாமாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. போன மாசம் முதல், வாரத்தில் இரண்டு சாயங்காலம் அவர் திண்ணையில் உட்கார்ந்து, வண்டிச் சக்கரம் செய்கிற விதம், கல்லுக்குக் கொடுத்த கூலி, கூட வண்டி அடித்தவர்களின் பெயர்கள் எல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். "இதை எவன்டா படிக்கப்போறான்?" என்கிறார். ஆனாலும் நான் ஒரு நாள் போகாவிட்டால் ஆள் விட்டுக் கூப்பிடுகிறார்.

என் புதிய புத்தகம் வந்தபோது ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு அக்காள் வீட்டுக்குப் போனேன். முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, எட்டாவது வரைக்கும் படித்தவள், ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். தன் பெயர் வந்த இடத்தில் விரல் நின்றது. அதற்குக் கீழே, எந்த ரோட்டுக்கு, எந்த வருஷத்தில் ஜல்லி சுமந்தாள் என்று இரண்டு வரி எழுதியிருந்தேன். அதையும் படித்தாள். புத்தகத்தை மூடி, முந்தானையால் அட்டையைத் துடைத்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதெல்லாம் எதுக்குடா தம்பி? நீ படிச்சாப் போதாதா?" என்றாள்.

அவள் சொல்லலாம். நான் பேசாமல் இருந்தேன்.